நாகலிங்கப் பூவின் பக்கவாட்டில்

நேயர்களுக்கு வணக்கம். செடி கொடிகளைக் கிட்டப் போய்ப் படம் எடுப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 28 ஆண்டுகள் கடலூரில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன் நான். பாடத்துக்குப் படம் வேண்டுமே என்று தொடங்கிய பழக்கம், ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. பிச்சாவரத்துச் செடிகளைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரு செம்பருத்தி பூத்ததும் போனை நீட்டுகிறோம். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று இருக்கிறது, பூ மங்கிக் கிடக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும். கை ஆடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பல நேரம் காரணம் நாம் போன நெருக்கம்தான்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாகக் குனிந்து, போன் எவ்வளவு கிட்டப் போக விடுமோ அவ்வளவு கிட்டப் போய் எடுங்கள். நடுவில் சில வரிகள் கூர்மையாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எழுத்து கரைந்து போயிருக்கும். கிட்டப் போகப் போக அந்தத் தெளிவான பட்டை ஒடுங்கிக்கொண்டே வரும். பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸ், அதாவது மிகக் கிட்டப் போய் எடுக்க உதவும் லென்ஸ் போட்டு, பூவின் உண்மை அளவே சென்சாரில், அதாவது படம் பதியும் தகட்டில், விழும்படி எடுத்தால், அப்பர்ச்சர் எனும் லென்ஸின் ஒளித்துளை 8-இல் இருந்தாலும் அந்தப் பட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். எண் ஏற ஏறத் துளை சுருங்கும்; அப்பர்ச்சரை 16, 22 என்று இறுக்கினால் பட்டை கொஞ்சம் அகலும். ஆனால் ஒளி சிதறி, படம் முழுவதுமே மழுங்கும்.

ஆகவே கையில் இருப்பது அந்த ஒரு மெல்லிய பட்டை. அதை எங்கே வைக்கப் போகிறோம்? எது தெளிவாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன்.

எனக்கு இது புரிந்தது நாகலிங்கப் பூவால். தென்னமெரிக்காவில் இருந்து வந்த மரம். இன்று புதுச்சேரியின் மாநில மலர். எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலில் ஒன்று நிற்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும், விடியற்காலையில் தெருமுனை வரை மணக்கும். பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. நடுவில் வட்டமாகக் குட்டை மகரந்தத் தாள்கள், அதுதான் லிங்கம். ஒரு பக்கத்திலிருந்து எழுந்து அதன்மேல் கவிந்திருப்பது படம் விரித்த நாகம். ஒரு வாரம் தினமும் காலையில் போய் நேருக்கு நேர் நின்று எடுத்தேன். நாகம் தெளிந்தால் லிங்கம் மங்கியது, லிங்கம் தெளிந்தால் நாகம் புகையாய்ப் போனது. வாசலில் பூக்கட்டும் ஆயா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் எழுந்து வந்து, “இந்தப் பக்கமா வந்து பாரு தம்பி, பாம்பும் லிங்கமும் ஒண்ணாத் தெரியும்” என்றார்.

போய் நின்றேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நாகப்படத்தின் வளைவும் கீழே இருக்கும் வட்டமும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் அந்த மெல்லிய பட்டைக்குள் அடங்கிவிட்டன! ஆயா பூவைச் சாமிக்கு வைப்பவர். எந்தப் பக்கம் அதற்கு முகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செம்பருத்திக்கும் அதேதான். நடுத்தண்டு இதழை விட்டு வெகுதூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் போனால் நுனியில் உள்ள ஐந்து சிவப்புப் பொட்டுகளும், கீழே மகரந்தப் பொடியும் ஒன்றாகத் தெளியும். இலையாக இருந்தால் போனை இலைக்கு இணையாக, மேசைமேல் பலகை வைத்ததுபோலப் பிடியுங்கள். எது தெளிவாக வேண்டுமோ அதன்மேல் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பிறகு உடம்பை மட்டும் இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்து, ஐந்தாறு படம் எடுங்கள். ஒன்று சரியாக விழும். மிகவும் நெருங்கி ஃபோகஸ் கிடைக்காவிட்டால், ஒரு சாண் பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள்.

நம் கடற்கரையில் காற்று பெரிய சோதனை. பகல் ஏறினால் கடற்காற்று வந்துவிடும், காம்பு ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குள் போங்கள். துடைப்பக் குச்சி ஒன்றைக் காம்போடு சேர்த்து நூலால் தளர்வாகக் கட்டினால் ஆட்டம் அடங்கும். பழக இடம் வேண்டுமென்றால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. திறந்ததும் போய்விடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. படத்தை அமைப்பது பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பூவைப் பார்த்த பிறகு, திரையின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். வெள்ளைச் சுவரோ பிளாஸ்டிக் வாளியோ தெரிந்தால் ஓரடி நகருங்கள், பின்னணி முழுதாக மாறிவிடும். எது தெளிவாக வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு, எது வேண்டாம் என்பதும் சீக்கிரம் கண்ணில் படும். உச்சி வெயில் என்றால் வெள்ளை வேட்டியை விரித்துப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள், நிழல் மென்மையாகும்.

பிச்சாவரத்துக்கு நேரமில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் எழ முடியாது. அங்கே தில்லை மரம் உண்டு, சிதம்பரத்துக்கே அதனால்தான் தில்லை என்று பெயர். அதன் பூங்கதிரைக் கிட்டப் போய் எடுக்க ஆசைப்படுவீர்கள். குறுக்கே நிற்கிறதே என்று இலையையோ கிளையையோ ஒடிக்காதீர்கள். ஒடித்த இடத்தில் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். படகுக்காரரிடம் முதலில் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதற்கப்புறம் கேமராவை எடுங்கள். வணக்கம்.