சுல்தானுக்காக ஓடிய தபால்

நேயர்களுக்கு வணக்கம். 1333-இல் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா சிந்து நதிக்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் டெல்லிக்குக் கிளம்பும் முன்பே அவரைப் பற்றிய தகவல் சுல்தான் முகமது பின் துக்ளக்குக்குக் கிளம்பிவிட்டது. ஆள் எப்படி இருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கூட எத்தனை பேர், எத்தனை வேலையாட்கள் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பிவிட்டார்களாம்.

சிந்துவிலிருந்து டெல்லிக்கு அன்று 50 நாள் பயணம். தபாலோ ஐந்தே நாளில் போய்விடும் என்று எழுதுகிறார் பதூதா. எப்படி? குதிரைத் தபாலும் இருந்தது, நான்கு மைலுக்கு ஒரு குதிரை. ஆனால் அதையும் முந்தியது ஆட்கள் காலால் ஓடிக் கொண்டுபோன தபால்தான். மைலுக்கு மூன்று இடத்தில் ஓட்டக்காரர்கள் இடுப்பைக் கட்டித் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கையில் கடிதம், மறு கையில் இரண்டு முழக் கோல், அதன் உச்சியில் செம்பு மணிகள். மணிச்சத்தம் கேட்டதுமே அடுத்தவர் எழுந்துவிடுவார். கால் மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம்தானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். குராசான் நாட்டுப் பழங்கள்கூட இப்படித்தான் சுல்தானின் தட்டுக்கு வந்தன. அவர் தெற்கே தக்காணத்தில் இருக்கும் தௌலதாபாத்தில் தங்கியபோது குடிக்கக் கங்கைத் தண்ணீரும் இதே வழியில் போனது!

சரி, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மகன் எழுதும் கடிதம் இதில் போகுமா? போகாது. இது அரசாங்கத்தின் கண்ணும் காதும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பாரசீகத்து அஞ்சல் குதிரைகளும் அரச காரியத்துக்காகவே ஓடின. ரோமாபுரியில் பேரரசர் அகஸ்டஸ் முதலில் சாலை நெடுக இளைஞர்களை நிறுத்திக் கைமாற்றிப் பார்த்தார். அப்புறம் வண்டிகளுக்கு மாறினார். ஏன் தெரியுமா? கடிதம் கொண்டுவந்தவரே கடைசிவரை வந்தால் அவரிடம் நாலு கேள்வி கேட்கலாமே!

அந்த வண்டியில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். இளைய பிளினி என்ற ஆளுநரின் மனைவியுடைய தாத்தா இறந்துபோனார். துக்கம் விசாரிக்க அவசரமாகப் போகவேண்டியிருந்த மனைவிக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு, பேரரசர் டிராஜனுக்கு விளக்கம் எழுதினார் பிளினி. 'சரிதான்' என்று பதில் வந்தது. ஆளுநர் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் வியாபாரிகளையும் யாத்திரிகர்களையும்தான் நம்பியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் வங்காளத்தை ஆண்ட ஆங்கிலேயர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தபாலைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். 100 மைலுக்கு இரண்டணா. சென்னையில் 1786-இல் கோட்டைக்குள் தலைமை அஞ்சலகம் வந்தது. ஆனாலும் தூரம் கூடக்கூடக் கட்டணமும் ஏறியது. 1854-இல்தான் அந்தக் கணக்கு ஒழிந்தது. அதன்பின் கால் தோலா, அதாவது சுமார் மூன்று கிராம் எடைக்குள் இருந்தால் போதும், பக்கத்து ஊரானாலும் பெஷாவரானாலும் கடிதத்துக்கு அரையணாதான்.