2035-இல் மறையும் என்றார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காலநிலை மாற்றம் பற்றிச் செய்தி வந்தாலே, “இதெல்லாம் உண்மைதானா, சும்மா பயமுறுத்துகிறார்களா?” என்று கேட்கிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களை அதட்டி உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிக் கேட்க நியாயமான காரணங்கள் இருந்திருக்கின்றன. அதில் ஒன்றை, இமயமலைப் பனியாறுகள் பற்றி வந்த ஒரு தவறான கணிப்பை மட்டும், இன்று விரிவாகச் சொல்கிறேன். பனியாறு என்றால் மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்.

ஐ.நா. ஆதரவில் இயங்கும் காலநிலை அறிவியல் குழு ஐ.பி.சி.சி. 2007-இல் தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோருடன் சேர்த்து அதற்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பெரிய அறிக்கையின் இரண்டாம் தொகுதியில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி இருந்தது. பூமி இதே வேகத்தில் சூடேறினால் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள், ஒருவேளை அதற்கு முன்பே, மறைந்துபோக மிக அதிக வாய்ப்பு உண்டு என்றது அந்தப் பத்தி. கங்கையும் பிரம்மபுத்திராவும் சிந்துவும் என்ன ஆகும் என்று உலகம் முழுவதும் தலைப்புச் செய்திகள் வந்தன.

கங்கோத்ரி பனியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அதன் முனை பின்வாங்குவதோ ஆண்டுக்குச் சில பத்து மீட்டர். பனியாறு நீளத்தில் மட்டும் குறைவதில்லை, மேலிருந்து மெலியவும் செய்யும் என்பது உண்மைதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், முப்பது வருடத்தில் மொத்தமும் போய்விடும் என்ற கணக்கு உதைக்கிறது. காகிதமும் பேனாவும் வைத்திருக்கிற எவரும் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் நிறுத்திக் கேட்ட செய்தி அறைகள் மிகக் குறைவு.

2035 என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஐ.பி.சி.சி. மேற்கோள் காட்டியது, டபிள்யு.டபிள்யு.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005 அறிக்கையை. அந்த அறிக்கை மேற்கோள் காட்டியது, 1999-இல் ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழில் வந்த ஒரு செய்தியை. அந்தச் செய்திக்கு அடிப்படை, இந்தியப் பனியாற்று ஆய்வாளர் ஒருவரிடம் செய்தியாளர் கேட்டு எழுதியது. சக ஆய்வாளர்கள் சரிபார்த்த ஆய்வுக் கட்டுரை என்று இந்த வரிசையில் எதுவுமே இல்லை. 1996-இல் ரஷ்ய ஆய்வாளர் கோட்லியகோவ் எழுதிய ஓர் ஆவணத்தில், துருவங்களுக்கு வெளியே உள்ள உலகப் பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்று ஒரு மதிப்பீடு இருந்தது. அதில் குறித்த ஆண்டு 2350. ஐ.பி.சி.சி. பத்தியில் அதே பரப்பளவு இமயமலைக்கு உரியதாகவும், ஆண்டு 2035 ஆகவும் நிற்கிறது. இமயமலையில் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பனியாறு கிடையவே கிடையாது!

இந்தப் பிழையைத் தேடிப் பிடித்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனடாவின் கிரஹாம் கோக்லி, ஆஸ்திரியாவின் கியோர்க் காசர் போன்றவர்கள். பனியாறு உருகுகிறது என்பதை அளந்து அளந்து சொன்னவர்களே அவர்கள்தான். 2010 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் எழுதிய கடிதம், 2035-க்குள் மறைய வேண்டுமென்றால் இழப்பின் வேகம் பழைய காலத்தைவிட 25 மடங்காக வேண்டும் என்றது. இந்தியாவிலும், இமயப் பனியாறுகள் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் பின்வாங்கவில்லை என்று புவியியல் ஆய்வு நிறுவனத்தில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த வி.கே. ரெய்னா எழுதிய ஆவணத்தை 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. அப்போது ஐ.பி.சி.சி. தலைவராக இருந்த பச்சௌரி அதைக் கடுமையான சொற்களால் ஒதுக்கித் தள்ளினார். எனக்கு இன்றும் அது வருத்தம். அடுத்த சில வாரங்களில், 2010 ஜனவரி 20 அன்று, ஐ.பி.சி.சி. தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்து அறிக்கை விட வேண்டி வந்தது.

சரி, அப்புறம் என்ன நடந்தது? “பார்த்தீர்களா, எல்லாமே பொய்” என்று ஒரு பேச்சு கிளம்பி, இன்றுவரை சுற்றுகிறது. இங்கேதான் நான் அவர்களிடமிருந்து விலகுகிறேன். 2035 தவறு என்பதால் பனி உருகவில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்கா பனிப்போர்க் காலத்தில் எடுத்த உளவுச் செயற்கைக்கோள் படங்கள் பின்னாளில் வெளியாயின. அவற்றையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு, 650 இமயப் பனியாறுகளை ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வந்தது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சராசரியாகக் கால் மீட்டர் அளவுக்கு மெலிந்த பனி, 2000-க்குப் பிறகு சுமார் அரை மீட்டர் மெலிகிறது. இரண்டு மடங்கு. அதே ஆண்டு காத்மாண்டுவிலுள்ள இசிமோட் நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு, உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ்-இமயப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும் என்கிறது. இமயத்துக்கு வடமேற்கே உள்ள காரகோரம் மலைத்தொடரில் சில பனியாறுகள் நிலையாக இருப்பதையும், சில முன்னேறுவதையும் சொல்கிறவர்கள் இதே ஆய்வாளர்கள்தான்.

அவசரச் செய்தி இன்னும் ஓயவில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் ரிஷிகங்கா பள்ளத்தாக்கு வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பனிப்பாறை வெடித்தது என்றுதான் தொலைக்காட்சிகளில் ஓடியது. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தது என்றும், அதில் பெரும்பகுதி பாறை என்றும் சில மாதங்களில் ஆய்வு சொன்னது. அந்தத் திருத்தம் எத்தனை பேர் காதுக்கு எட்டியது?

சந்தேகப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, அதே சந்தேகத்தைத் தங்களுக்குப் பிடித்த செய்தி மீதும் வையுங்கள் என்பதே. எந்தப் பனியாறு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, யார் அளந்தது? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

செய்தி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இமாச்சலில் சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002 முதல் ஆண்டுதோறும் நேரில் ஏறிப்போய் அளக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இமயப் பனியாறுகளில் இப்படிக் களத்தில் தொடர்ந்து அளக்கப்படுபவை மிகச் சில. அங்கே செய்தியாளரை அனுப்புங்கள். அந்த அளவீட்டைப் பிரசுரியுங்கள், மற்றவற்றை ஏன் அளக்கவில்லை என்று அரசிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.