பாரிமுனைக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் கச்சேரி என்றதும் நமக்கெல்லாம் மயிலாப்பூரும் தியாகராய நகரும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் தங்கசாலையில் வளர்ந்தவன். அதனால் பாரிமுனையை ஒட்டிய எங்கள் ஜார்ஜ் டவுனைப் பற்றிப் பேசச் சொன்னதும் உடனே சரி என்றுவிட்டேன். சென்னையின் சங்கீதம் முதலில் குடியிருந்தது எங்கள் தெருக்களில்தான்.

1830களின் பிற்பகுதியில் தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது, கோவூர் சுந்தர முதலியாரின் விருந்தாளியாகப் பந்தர் தெரு வீட்டில் தங்கினார். அங்கிருந்து முதலியாரின் ஊருக்கும் போய், கோவூர் சுந்தரேசுவரர் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கோவூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் பாடுகிறோமே, அவைதான். அந்தக் காலத்தில் சபா ஏது, டிக்கெட் ஏது? வசதியுள்ள ஒருவர் வீட்டுக் கூடம்தான் கச்சேரி மேடை.

1855-இல் தஞ்சாவூர் அரசு கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. அரண்மனை ஆதரவு போனபின் கலைஞர்கள் பலர் சென்னைக்கு வந்தார்கள். வியாபாரிகளும், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகளும் இருந்த இடம் இது, கோயில்களும் நிறைய. வேறெங்கே போவார்கள்?

அப்படி வந்த பரம்பரையில் பிறந்தவர் வீணை தனம்மாள். அவருடைய பாட்டி காமாட்சி தஞ்சை அரண்மனையில் ஆடியவர். தனம்மாள் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பு நடக்கும். விரலில் மாட்டும் மீட்டு போடாமல் விரல் நுனியாலேயே வாசிப்பார், கூடவே மெல்லப் பாடுவார். மைக் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். ஒருவர் செருமினாலும் வாசிப்பு கெட்டுவிடும் என்பதால் வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். பேர்பெற்ற வித்வான்களே அங்கே வந்து கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது, வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி வளர்ந்தது இந்த நாதத்துக்கு நடுவில். அபிநயத்தில் அவர் காட்டிய நிதானம் அந்தக் கூடத்திலிருந்து வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். தனம்மாள் காலமானது 1938-இல். அதே ஆண்டு ஜூன் மாதம்தான் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

அப்புறம் அரண்மனைக்காரத் தெரு. ஆர்மீனியர் இருந்த தெரு நம்மவர் வாயில் இப்படி ஆகிவிட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் இளைஞர் சங்கத்துக்காகக் கட்டிய கோகலே மண்டபம் அங்கேதான் இருக்கிறது. ஹோம் ரூல் என்ற சுயாட்சிப் பேச்சு முழங்கிய அதே மேடையில் கச்சேரிகளும் நடந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அதை இடிக்கத் தொடங்கினார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய் இடிப்பு நின்றது. அதற்குள் பாதி சிதைந்துவிட்டது. அந்த மண்டபத்தைச் சீர்செய்து மறுபடி ஒரு தம்பூரா ஒலிக்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மியூசிக் அகாடமியின் தொடக்கவிழாகூட 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. அரங்கில்தான் நடந்தது. பின்னால் வக்கீல்களும் அதிகாரிகளும் தெற்கே குடிபோனார்கள். வீடுகள் கிடங்குகளாயின. ரசிகர்கள் போன பக்கம் சபாக்களும் போயின.

போகாமல் நின்றது ராஜா அண்ணாமலை மன்றம். 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், 1952-இல் எழுப்பிய அரங்கம் அது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே டிசம்பர் மாதம் இன்றும் தமிழிசை விழா நடக்கிறது. இந்த வருடம் போகும்போது கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். பஸ்ஸை விட்டிறங்கி, அரண்மனைக்காரத் தெரு வழியாக ஒரு நடை போய்வந்து, பிறகு கச்சேரியில் உட்காருங்கள். வணக்கம்.