வீடு கட்ட இன்ஜினியர் போதாதா? ஆர்க்கிடெக்ட் எதுக்கு?

அடுத்த கேள்வி. "மாடி வச்சு வீடு கட்டப்போறோம். இன்ஜினியரே பிளான் போட்டுத் தர்றேங்கிறார். ஆர்க்கிடெக்ட் தனியா வேணுமா? அவங்க அப்படி என்ன படிக்கிறாங்க?"ன்னு கேட்டிருக்கீங்க.

பில்லர் எவ்வளவு தடிமன், கம்பி எத்தனை எம்எம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், இதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு. அதை ஆர்க்கிடெக்ட்கிட்ட விடாதீங்க. எந்த அறை எங்க வரணும், வெயில் எங்க விழும், காத்து எதுல நுழைஞ்சு எதுல வெளியேறும், இது ஆர்க்கிடெக்ட் வேலை.

படிக்கட்டையே எடுத்துக்குங்க. தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். 18 படியாப் பிரிச்சா ஒரு படி 6.7 அங்குல உயரம், ஏறச் சுகமா இருக்கும். நடுவுல திரும்புற படின்னா பக்கத்துக்கு 9 ஏத்தம் (படியோட உயரம்), 8 மிதி (கால் வைக்கிற இடம்). மிதிக்கு 10 அங்குலம், படி திரும்புற இடத்துல வர்ற தட்டையான லேண்டிங் 3 அடி. மொத்தம் 9 அடி 8 அங்குல நீளம் வேணும். ஹாலைப் பெருசாக்கணும்னு படிக்கு 8 அடி மட்டும் விட்டா, பக்கத்துக்கு 6 மிதிதான் அடங்கும். மொத்தமே 14 ஏத்தம், ஒவ்வொண்ணும் எட்டரை அங்குலத்துக்கு மேல போயிடும். தேசிய கட்டட விதி வீட்டுக்குச் சொல்றது அதிகபட்சம் 19 சென்டிமீட்டர், ஏழரை அங்குலம். முட்டி வலி இருக்கிற அம்மா அப்பா அந்த மாடிக்கு ஏறவே மாட்டாங்க. கான்கிரீட் போட்டப்புறம் இதைத் திருத்தவும் வழியில்ல.

மேற்குச் சுவரும் அப்படித்தான். 2 அடி சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்கும். சாயங்கால வெயில் சாய்வா அதுக்குக் கீழேயே உள்ள வந்துடும். அதனால அந்தப் பக்கம் படுக்கையறை வைக்காம படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூம் வைக்கிறது நல்லது.

படிப்பு பி.ஆர்க், 5 வருஷம். பிளஸ் டூவுல கணக்கு வேணும். ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான 'நாட்டா' (NATA), இல்லேன்னா ஜேஇஇ இரண்டாம் தாள் எழுதணும். செமஸ்டருக்கு செமஸ்டர் டிசைன் ஸ்டுடியோ இருக்கும். வரைஞ்சு, மாடல் செஞ்சு, ஆசிரியர்கள் முன்னாடி வச்சு, 'இந்த ஜன்னல் ஏன் இங்க?'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லணும். ஒரு அலுவலகத்துல நேரடிப் பயிற்சியும் உண்டு. முடிச்சதும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு செஞ்சாத்தான் 1972-ஆம் வருஷச் சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்'னு போட்டுக்க முடியும். பதிவு எண் 'சிஏ'ன்னு ஆரம்பிக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.