முதல் முதலீடு மனையா, வீடா? 'வீடே' அணியில் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ரியல் எஸ்டேட்டில் புதிதாக இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது மனையா, வீடா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "மண் விலை ஏறும், கட்டடம் தேயும், அதனால் மனைதான்" என்று அடித்துச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் மதுராந்தகத்துக்கு அப்பால் நான் வாங்கிய அரை கிரவுண்டு மனையில் படித்தேன்.

2012. இலவச வேனில் கூட்டிப்போனார்கள், பந்தல் போட்டுப் பிரியாணி போட்டார்கள். "டிடிசிபி அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டேன். டிடிசிபி என்றால் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசுத் துறையான நகர் ஊரமைப்பு இயக்ககம். "பஞ்சாயத்து அப்ரூவல் சார், அதுவே போதும்" என்றார் ஏஜென்ட். வாயில் லெக் பீஸ் இருக்கும்போது குறுக்குக் கேள்வி வருமா? பதிந்தாயிற்று. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை விதித்தது. அடுத்த மாதமே அப்பாவுக்கு ஆபரேஷன். மனையை விற்கலாமென்று போனால் பதியவே முடியாது. 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தித் தரும் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டிய பிறகுதான் அந்த மனைக்கு உயிர் வந்தது.

"அப்ரூவல் உள்ள மனையாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்கிறார் எதிரணித் தலைவர். நியாயம். ஆனால் அதற்கும் காவலுக்குப் போகத்தானே வேண்டும்? நான் பொங்கலுக்குப் பொங்கல் போகிறேன். மஞ்சளும் வெள்ளையும் அடித்து நட்ட நாலு எல்லைக்கல்லில் இரண்டைக் காணோம். சீமைக்கருவேலம் வெட்டக் கூலி கொடுத்துவிட்டு வருகிறேன். என் மனையால் இதுவரை பிழைத்தவை பக்கத்து ஊர் ஆடுகள்தான்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். புறநகரில் மூன்று மாடிக் கட்டடம், பத்துப் பன்னிரண்டு வருஷப் பழசு, 30 லட்சத்துக்கு ஒரு சின்ன ஃபிளாட் என்று வையுங்கள். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் தவணை கிட்டத்தட்ட 18,000 ரூபாய். வாடகை 9,000 வருகிறது. "பாதிதானே வருகிறது!" என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். ஆமாம், பாதிதான். வாடகையிலேயே கடன் அடைந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனைக்குக் கடன் வாங்கியவருக்கு அந்தப் பாதியும் கிடையாது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் மனைக்கும் இந்தப் பழைய ஃபிளாட்டுக்கும் பொது.

அப்புறம், 'கட்டடம் தேயும்' என்ற வாதம். தேயட்டும். ஃபிளாட் வாங்குகிறவர் வெறும் சுவரை வாங்குவதில்லை, நிலத்தில் பிரிபடாத பாகமும், அதாவது கட்டடம் நிற்கும் பொது நிலத்தில் அவருடைய பங்கும், சேர்ந்து வருகிறது. புரோக்கர் யூடிஎஸ் என்று வேகமாக முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போவாரே, அதுதான். அங்கேதான் அவரை நிறுத்த வேண்டும். இருபது மாடிக் கட்டடத்தில் அந்தப் பாகம் கைக்குட்டை அளவு. மூன்று மாடிக் கட்டடத்தில் 800 சதுர அடி வீட்டுக்கு 400 சதுர அடி மண் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. எதிரணித் தலைவர் சொன்ன அந்த ஏறும் மண் இதில் இருக்கிறது, மேலே வாடகைக்காரரும் இருக்கிறார். ரொம்பப் பழசாக இருந்தால் கடன் கொடுக்க வங்கி முகம் சுளிக்கும், அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் என்றேன்.

சொத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம், சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் முப்பது வருஷ வில்லங்கச் சான்று இதெல்லாம் மனைக்கும் பார்க்க வேண்டியதுதான், வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீல் பார்க்காத ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கு அந்தக் கட்டட வாசலில் போய் நில்லுங்கள். தண்ணீர் லாரி வருகிறதா, மோட்டார் யார் போடுகிறார்கள், மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பது யார் எல்லாம் வாட்ச்மேனுக்குத் தெரியும். ஒரு டீ போதும், புரோக்கர் மூன்று மாதத்தில் சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

"வாடகைக்காரர் ராத்திரி பத்து மணிக்குக் குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்வார்" என்று பயமுறுத்தினார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். செய்யட்டுமே! பிளம்பர் கூலி எவ்வளவு, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கை எப்படிக் கடிக்கும், ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது என்று புதியவர் வேறெங்கே கற்றுக்கொள்வது? என் மனை பத்து வருஷத்துக்கு மேலாக எனக்கு ஒரு போன் செய்ததில்லை. அது இருக்கிறதா என்று நான்தான் போய்ப் பார்க்கிறேன்.

"வீட்டைக் கட்டிப் பார்" என்று பழமொழியே இருக்கிறதே என்றும் அவர் கேட்டார். ஐயா, நான் கட்டச் சொல்லவில்லை. யாரோ கட்டிப் பார்த்து நொந்ததை வாங்கச் சொல்கிறேன்.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி. எதிரணியில் மூன்று பேருக்குமே மனை இருக்கிறதாம். பதில் பேச மேலே வரும்போது, அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எத்தனை கல் மிச்சமிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வணக்கம்.