கொலு பொம்மைக்குக் கடை போடுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். புரட்டாசி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, பூம்புகார் கண்காட்சிகள், கல்யாண மண்டபச் சந்தைகள் எங்கும் கொலு பொம்மைதான். வீட்டிலேயே காகிதக் கூழ் பொம்மை செய்து, முதன்முறையாக ஸ்டால் எடுக்கப்போகிறவர்களுக்காகப் பேசுகிறேன்.

விநாயகரை விற்பதும் காய்கறிக்காரி பொம்மையை விற்பதும் ஒரே வியாபாரம் அல்ல. காய்கறிக்காரியின் கூடையில் சில்லு போயிருந்தால், விலையைக் கொஞ்சம் குறைத்தால் வாங்கிக்கொள்வார்கள். விநாயகருக்கு விரல்நுனி போயிருந்தால் பாதி விலைக்கும் போகாது. பின்னமான சாமியைப் படியில் வைக்க மனம் வராது. கடையில் சாமியைத் தரையில் வைத்தாலும், விலைச்சீட்டை முகத்தில் ஒட்டினாலும் சிலர் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். சீட்டு பீடத்தின் அடியில் இருக்கட்டும்.

பெரிய நஷ்டம் செட் பொம்மைகளில் வரும். தசாவதாரத்தில் ஒன்று உடைந்தால் மீதி ஒன்பதும் தேங்கிப்போகும். ராமர் வில், பலராமர் கலப்பை, வாமனர் குடை, கல்கியின் குதிரைக்கால் என்று மெலிந்து நீண்டவைதான் முதலில் போகும். ஐந்து செட் செய்தால் இந்த நான்கிலும் ஒவ்வொன்று கூடுதலாக வார்த்து, அதே நாளில், அதே கிண்ணத்துச் சாயத்தில் தீட்டி வையுங்கள். அடுத்த வாரம் கலக்கும் நீலம் பழைய நீலத்தோடு சேராது. வாங்குகிறவர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

அடுத்தது ஈரம். அச்சிலிருந்து எடுத்து இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு, மேல்புறம் காய்ந்துவிட்டதுபோல் தெரியும்; உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் பெயிண்ட், வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சாயம் கொப்பளிக்கும், கரும்புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தராசில் நிறுத்து எடையைக் குறித்துவையுங்கள். மறுநாள் எடை இன்னும் குறைந்தால் காயவில்லை. இரண்டு நாள் ஒரே எடை நின்றால் சாயம் தீட்டலாம். ஆவணியில் அடிக்கடி மழை வருவதால் ஆனிக்குள் வார்ப்பை முடிப்பது நல்லது.

வார்னிஷ் கையில் ஒட்டாத பிறகும் சில நாள் இளக்கமாகவே இருக்கும். அந்த நிலையில் செய்தித்தாளில் சுற்றி, வெயிலில் நிற்கும் வண்டியில் ஏற்றினால், லட்சுமியின் கன்னத்தில் தலைப்புச் செய்தி பதிந்துவிடும். முதலில் பழைய வேட்டித் துணி, அதன்மேல் தாள், பிறகு பெட்டி. ராமரின் வில் கழற்றக்கூடியதாக இருந்தால் அதைத் தனியாகச் சுற்றுங்கள்.

விலைக்கு வருவோம். கூழுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் கணக்குப் போடுகிறவர்கள்கூட ஸ்டால் வாடகையை மறந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம். வாடகை 6,000, வண்டி 2,000, மொத்தம் 8,000 ரூபாய். 160 பொம்மை விற்கும் என்று வைத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 ரூபாய் ஏறும். 80 ரூபாய்ச் சின்னப் பொம்மை அதைத் தாங்காது. சின்னதைத் தனித்தனியாக விற்காமல் செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம் என்று தொகுப்பாக்குங்கள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கும் வழக்கமுள்ள வீடுகளுக்காக, நடுத்தர விலையில் ஒற்றைப் பொம்மைகளும் வேண்டும்.

சந்தைத் தேதியையும் பார்த்து எடுங்கள். முன்னோருக்குத் திதி கொடுக்கும் மகாளய பட்சத்தில் புதுப்பொருள் வாங்காத வீடுகள் உண்டு. நவராத்திரிக்கு முந்தைய அந்தப் பதினைந்து நாளில் கூட்டம் வரும், சிலர் பார்த்துவிட்டு மட்டும் போவார்கள். இரண்டு ஸ்டாலில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், பட்சம் தொடங்குவதற்கு முந்தையதை எடுங்கள். போணி ஆகும்வரை பேரத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். க்யூஆர் அட்டை இருந்தாலும் மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் போகும், சில்லறை கையில் இருக்கட்டும்.