73-க்கு 73: அமெரிக்கா அதிபரைத் தேடிய ஏழு நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களின் பகைமை என்றதும், 1804-இல் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற காட்சியைத்தான் பலரும் சொல்வார்கள். நான் அதற்கு மூன்றரை ஆண்டு முன்னால் போகிறேன். 1801 பிப்ரவரியில், அடுத்த அதிபர் யார் என்று தெரியாமல் அந்த நாடு ஏழு நாள் தவித்தது. அதைத் தலைவர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். அன்றைய அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வாக்களிப்பு விதி இருந்தது. கட்சிக் கட்டுப்பாடு எவ்வளவு இறுகுகிறதோ, அவ்வளவு மோசமாகச் சிக்கிக்கொள்ளும் விதி அது.

விதி இதுதான். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர்களை நியமிக்கும். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பேருக்கு வாக்களிக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது வேற்று மாநிலத்தவராக இருக்க வேண்டும். இவர் அதிபருக்கு, இவர் துணை அதிபருக்கு என்று பிரித்து எழுத முடியாது. பெரும்பான்மையோடு முதலிடம் பெறுபவர் அதிபர், அடுத்து வருபவர் துணை அதிபர். இதை வகுத்த 1787-இல் தேசியக் கட்சிகள் கிடையாது. தகுதியான இரண்டு பேர் மேலே வருவார்கள் என்று நம்பினார்கள்.

கட்சிகள் வந்ததும் கணக்கு மாறியது. வாஷிங்டனின் அமைச்சரவையிலேயே நிதியமைச்சர் ஹாமில்டனும் வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சனும் மோதினார்கள். தேசிய வங்கி வேண்டுமா, மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்க வேண்டுமா, பிரான்ஸ் பக்கமா பிரிட்டன் பக்கமா என்று எல்லாவற்றிலும் சண்டை. ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்டுகள், ஜெஃபர்சன் பக்கம் ரிபப்ளிகன்கள் (இன்றைய ரிபப்ளிகன் கட்சி அல்ல) என்று அணி பிரிந்தது.

1796 தேர்தலில் ஃபெடரலிஸ்டுகள் ஜான் ஆடம்ஸையும் தாமஸ் பிங்க்னியையும் நிறுத்தினார்கள். சொந்தக் கட்சிக்காரரான ஆடம்ஸைப் பின்தள்ளிப் பிங்க்னியை மேலே கொண்டுவர ஹாமில்டன் முயன்றார். அது நியூ இங்கிலாந்துத் தேர்வாளர்களுக்குத் தெரிந்ததும், பலர் தங்கள் இரண்டாவது வாக்கைப் பிங்க்னிக்குத் தராமல் வேறு பெயர்களுக்குப் போட்டார்கள். ஆடம்ஸ் 71, பிங்க்னி 59. இடையில் 68 வாக்குகளோடு எதிர்க்கட்சி ஜெஃபர்சன் புகுந்து துணை அதிபரானார். அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி!

ஆகவே சரியான வழி ஒன்றுதான்: கட்சித் தேர்வாளர்களில் ஒரே ஒருவர் மட்டும் தன் இரண்டாவது வாக்கை வேறொருவருக்குப் போட வேண்டும். அதற்கு மேல் நழுவவிட்டால் 1796 திரும்ப வரலாம். ஒன்றுகூட நழுவாவிட்டால் இருவரும் சமமாகிவிடுவார்கள். ஆனால் தேர்வாளர்கள் அந்தந்த மாநிலத்தில், ஒரே நாளில் கூடி வாக்களிக்கிறார்கள். 1800-இல் அந்த நாள் டிசம்பர் 3. கடிதம் குதிரையில் போகும் காலம். அந்த ஒருவர் எந்த மாநிலத்தவர் என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

ஃபெடரலிஸ்டுகள் இதைச் சரியாகச் செய்தார்கள். ரோட் ஐலண்டுத் தேர்வாளர் ஒருவர் ஜான் ஜேவுக்குப் போட்டார். ஆடம்ஸ் 65, சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி 64, ஜே 1. ஜெஃபர்சனையும் பர்ரையும் நிறுத்திய ரிபப்ளிகன்கள் கோட்டைவிட்டார்கள். காரணம் பழைய காயம்: 1796-இல் வர்ஜீனியாவின் 21 தேர்வாளர்களில் ஒருவர்தான் பர்ருக்கு வாக்களித்திருந்தார். நியூயார்க்கின் 12 வாக்குகளைக் கட்சிக்குப் பெற்றுத்தருவதில் பெரும்பங்கு வகித்த பர்ரை இந்த முறையும் ஏமாற்றக் கூடாது என்று எல்லோரும் வாக்கைக் கட்டிக்காத்தார்கள். அந்த ஒரு வாக்கை இன்னொரு மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு மாநிலமும் இருந்துவிட்டது. ஜெஃபர்சன் 73, பர் 73.

சமமானால் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை தீர்க்க வேண்டும். அங்கே தலைக்கு ஒரு வாக்கு அல்ல, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு யாருக்கும் இல்லை. இன்னொரு சிக்கல்: வாக்களிக்கப்போவது புதிதாக வென்ற சபை அல்ல, பதவிக்காலம் முடியப்போகும் பழைய சபை. தோற்ற ஃபெடரலிஸ்டுகள்தான் அதில் பெரும்பான்மை. ஜெஃபர்சனைத் தடுக்க அவர்கள் பர்ரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 11, பனி கொட்டும் நாள். முதல் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 8 மாநிலம், பர்ருக்கு 6. வெர்மாண்டும் மேரிலாண்டும் பிளவு. மேரிலாண்டு பர் பக்கம் சாயாமல் நின்றது ஒரு நோயாளியால். ஜோசப் நிக்கல்சன் காய்ச்சலோடு பனியில் தூக்கி வரப்பட்டு, பக்கத்து அறையில் படுத்தபடியே வாக்குச்சீட்டு எழுதினார். அவர் வராதிருந்தால் அந்த மாநிலம் பர்ருக்குப் போயிருக்கும். சுற்றுக்குமேல் சுற்று நடந்தும் எண் மாறவில்லை. பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆளுநர்கள் தம் மாநிலப் படைகளைத் தயார்நிலையில் வைக்கும் அளவுக்கு நிலைமை போனது. பதவியேற்பு நாளான மார்ச் 4-க்கு மூன்று வாரம்கூட இல்லை.

இங்கேதான் ஹாமில்டனை நான் மதிக்கிறேன். பத்தாண்டு எதிரியான ஜெஃபர்சனை ஆதரிக்கச் சொல்லித் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். ஜெஃபர்சனை அவர் புகழவில்லை, கடுமையாகத்தான் விமர்சித்தார். ஆனாலும் ஜெஃபர்சனுக்குக் கொள்கை உண்டு, பர்ருக்குத் தன் முன்னேற்றத்தைத் தவிர எதுவும் இல்லை என்பது அவர் கணிப்பு. பர் ஆல்பனியில் இருந்தார். “அதிபர் பதவி எனக்கு வேண்டாம், ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுங்கள்” என்று அவர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அந்த வார்த்தை வரவில்லை. ஜெஃபர்சன் அந்த மௌனத்தைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் டெலவேரின் ஒரே உறுப்பினர் ஜேம்ஸ் பேயார்ட். தனி ஆளாக ஒரு மாநிலத்தின் முழு வாக்கும் அவர் கையில். அரசுக்கடன், கடற்படை, கீழ்நிலை அதிகாரிகளின் பதவி ஆகியவை பற்றி ஜெஃபர்சன் தரப்பிலிருந்து உறுதி கிடைத்தது என்று பின்னர் அவர் சொன்னார். ஜெஃபர்சன் மறுத்தார். எப்படியோ பிப்ரவரி 17 அன்று, 36-ஆவது சுற்றில், டெலவேரும் தெற்குக் கரோலைனாவும் வெற்றுச்சீட்டுப் போட்டன. மேரிலாண்டு ஃபெடரலிஸ்டுகளும் வெற்றுச்சீட்டுப் போட, அந்த மாநிலம் ஜெஃபர்சன் பக்கம் வந்தது. வெர்மாண்டில் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, மீதமிருந்த மாத்யூ லயன் வாக்களித்தார். ஆடம்ஸ் அரசை விமர்சித்ததற்காக 1798-ஆம் ஆண்டின் தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்தில் நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்ற, சிறையிலிருந்தே மீண்டும் தேர்வான அதே லயன்! ஜெஃபர்சனுக்கு 10 மாநிலம், பர்ருக்கு 4. கடைசிச் சுற்றில் பர்ரைக் கைவிட்ட ஃபெடரலிஸ்டுகள் யாரும் ஜெஃபர்சன் பெயரை எழுதவில்லை. விலகி நின்றுதான் வழிவிட்டார்கள்.

மார்ச் 4 விடியுமுன்பே ஆடம்ஸ் தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார், பதவியேற்பில் கலந்துகொள்ளவில்லை. துணை அதிபரான பர்ரை ஜெஃபர்சன் ஒதுக்கியே வைத்தார். 1804-இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலிலும் பர் தோற்றார். அங்கும் ஹாமில்டன் அவரை எதிர்த்தார். ஜூலை 11 அன்று வீஹாக்கனில் பர் சுட்டார், ஹாமில்டன் மறுநாள் இறந்தார்.

அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலம் முன்புதான், அதே ஆண்டு ஜூனில், 12-ஆவது திருத்தம் தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. இனி அதிபருக்கு ஒரு சீட்டு, துணை அதிபருக்கு ஒரு சீட்டு. ஒரு வாக்கை நழுவவிடும் வேலை ஒழிந்தது. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் சபைக்குப் போவதையும், அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதையும் திருத்தம் தொடவில்லை. 1825-இல் அதுவே மறுபடி வேலை செய்தது: 99 தேர்வாளர் வாக்குகள் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு, 84 பெற்ற ஜான் குவின்சி ஆடம்ஸை, அதாவது ஜான் ஆடம்ஸின் மகனை, 13 மாநிலங்கள் அதிபராக்கின. அந்தப் பகுதி இன்றும் அந்நாட்டுச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.